திருமதி ஹார்க்கரின் பிரதி

லீட்ஸிலிருந்து மொத்த வியாபாரி தொலைபேசியில் அழைத்தபோது வியாழக்கிழமை காலை மணி ஒன்பதரை. கடையில் கூட்டமில்லை. ஈனிட் காஸ்லிங் அன்றைய இதழ்களை எல்லாம் விநியோகம் செய்துவிட்டு வந்து, ஈரமான காலணிகளைக்கூட இன்னும் கழற்றவில்லை. எடுத்தது நாத்தனார் மேவிஸ்.

"அண்ணி, உங்களைத்தான். ஆளு குரலே சரியில்ல."

அந்த ஆள் சுற்றி வளைக்காமல் சொன்னான். இந்த வாரத்து 'கணப்பு' பெண்கள் வார இதழில் இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்றான். ஈனிட் கைக்கெட்டிய பிரதியைப் பிரித்தாள். காட்டுப் பூண்டு இலையில் சூப் வைக்கும் முறை. பக்கத்தின் நடுவே இரண்டு இலைகளின் படங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே இருந்ததன் அடியில் 'இதைப் பறியுங்கள்' என்றும், கீழே இருந்ததன் அடியில் 'இதைத் தொடாதீர்கள்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அச்சகத்தில் இரண்டு படமும் இடம் மாறிவிட்டன. பறிக்கச் சொன்ன இலை பள்ளத்தாக்கு லில்லி, விஷச்செடி. ஒரு கிண்ணம் போதும், இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடும். தெற்கே இதழ் நேற்றே கடைகளுக்கு வந்துவிட்டதாம். அங்கே ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, அதில் பெரியவர் ஒருவர் பிழைப்பது சந்தேகம். வீட்டுக்குப் போன பிரதி ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள், வாங்க முடியாவிட்டால் ஆளைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டுக்கொண்டு வைத்துவிட்டான்.

தோர்ன்பெக் ஊரில் யார் எந்தப் பத்திரிகை படிக்கிறார்கள் என்பது காஸ்லிங் கடையைத் தவிர வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஈனிட்டின் கணவர் வில்ஃப் முப்பது வருஷம் நடத்திய கடை அது. ஒவ்வொரு இதழின் வலது மேல்மூலையிலும் பென்சிலால் வீட்டுப் பெயரைக் குறித்துவிட்டுத்தான் பையில் போடுவார். பாதிரியாருக்கு மோட்டார் பந்தய மாத இதழ். கசாப்புக்கடைக்காரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், நாற்பது பக்கம் மெலிந்த ஒரு கவிதைப் பத்திரிகை. வங்கி மேலாளர் தம்பி மகனுக்கென்று சொல்லிச் சித்திரக்கதை வாங்குவார், அந்தத் தம்பி மகனை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஃபேர்பர்ன் சகோதரிகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே இதழை இரண்டு பிரதியாக வாங்குவார்கள். மற்றபடி தேனீக்காரர்களுக்கு ஒன்று, கூண்டுப் பறவைக்காரர்களுக்கு ஒன்று, பழைய ரயில் எஞ்சின்களைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்களுக்கு இரண்டு. இவற்றில் எதைப் பற்றியும் வில்ஃப் வெளியே வாய் திறந்ததில்லை. ஜனவரியில் அவர் செத்துப்போன பிறகு அந்தப் பென்சிலும், அவர் கைப்பட எழுதிய விநியோகப் புத்தகமும் ஈனிட்டிடம் வந்தன.

'கணப்பு' பத்தொன்பது பிரதிகள் வந்திருந்தன. மூன்று பிரதிகள் கடை அலமாரியில் இருந்தன, எடுத்துக் கிழித்துப் போட்டாள். பதினாறு வெளியே போயிருந்தன. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தொலைபேசி உள்ள வீடுகளை மேவிஸிடம் விட்டாள். மற்ற வீடுகளுக்குத் தன் சைக்கிளை எடுத்தாள்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. போகப் போகக் கொஞ்சம் இறங்கியது. யாரும் இன்னும் சமைக்கவில்லை. பலர் இதழைப் பிரிக்கக்கூட இல்லை. பண்ணை வீட்டு லம்லி அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மூக்குள்ளவ எவளாவது இதுல ஏமாறுவாளா? காட்டுப் பூண்டு நாலு வயலுக்கு அந்தாண்ட நின்னா இங்க நாறும். எங்க மாட்டுக்குக்கூடத் தெரியும்." ஃபேர்பர்ன் சகோதரிகளில் மூத்தவள் தன் பிரதியை உடனே கொடுத்துவிட்டாள். மாடியில் இருக்கும் இளையவளுக்கும் சொல்லிவிடுங்களேன் என்றதற்கு, "அதுக்கு எதுக்கு நான்?" என்றாள். ஈனிட் மாடிப்படியில் ஏறிப் போய்த் தானே சொல்ல வேண்டியிருந்தது.

பதினொன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் கடைக்குத் திரும்பினாள். மேவிஸ் புத்தகத்தில் வரிசையாக டிக் அடித்து வைத்திருந்தாள். பதினைந்து டிக்.

"ஒண்ணுதான் பாக்கி," என்றாள் மேவிஸ். "ஹார்க்கர்னு போட்டிருக்கு. யாரு அண்ணி அது? ஊர்ல அப்படி யாரும் இல்லையே."

"வெளியூர்," என்றாள் ஈனிட். "நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெயரை அவள் கடைசிக்கு ஒதுக்கியது தற்செயல் அல்ல.

தேநீர் போடுகிற சாக்கில் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். தேநீர் போடவில்லை. புத்தகத்தில் வில்ஃபின் கையெழுத்தில் இருந்த வரியை அவள் நூறு தடவை படித்திருப்பாள். 'திருமதி ஹார்க்கர். கணப்பு. வியாழன். சாப்பல் பின்புறம், மணல் பெட்டி.' சாப்பல் என்கிற சின்னத் தேவாலயத்துக்குப் பின்னால், பனிக்காலத்தில் சாலையில் தூவ உப்பும் மணலும் போட்டு வைக்கும் மஞ்சள் பெட்டி அது. நாலு வருஷமாக எல்லா வியாழக்கிழமையும் வில்ஃப் அந்த ஒரு பிரதியை மட்டும் தானே எடுத்துக்கொண்டு போவார். காய்ச்சலில் உடம்பு நடுங்கிய நாளிலும் போனார். நான் கொண்டுபோறேனே என்று ஈனிட் ஒருமுறை கேட்டதற்கு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வாடிக்கையாளர் ரகசியம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை. அவர் போன பிறகு, புத்தகத்தைத் திறந்த முதல் வாரம்தான் அது திரும்ப ஞாபகம் வந்தது.

வாக்காளர் பட்டியலில் ஹார்க்கர் இல்லை. சாப்பல் பதிவேட்டில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஈனிட் அந்தப் பெட்டியில் போட்ட இதழை யாரோ எடுத்துப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் சாப்பல் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிடுவது என்று போனாள். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காததாக ஆகாது. அந்தப் பெண்ணுக்கு என்ன வயசிருக்கும், தலைமுடி என்ன நிறம் என்றெல்லாம் மூன்று மாதமாக மனசு தானே வரைந்து வைத்திருந்தது. கல்லறைக்கல் செதுக்குகிறவர் பிப்ரவரியில் கொடுத்த சீட்டு கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே என்ன வாசகம் என்ற கோடு காலியாக இருந்தது. என் அண்ணனுக்குக் கல்லு எப்பதான் வரும் என்று மேவிஸ் வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள். மண் இன்னும் இறுகல என்று ஈனிட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பெண் எங்கோ ஓர் அடுப்பின் முன்னால் இலையை நறுக்கிக்கொண்டிருக்கலாம்.

ஈனிட் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கென்ன என்று மனசில் ஒரு சொல் வந்தது. வந்ததை அவள் விரட்டவில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? பெட்டியில் பார்த்தேன், போய்விட்டது, பெயரே பொய்ப்பெயர், நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னால் முடிந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. அதைப் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியும் சத்தம் கேட்டது.

எதற்காக எழுந்தாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. நல்ல எண்ணம் எதுவும் வந்ததாக ஞாபகமில்லை. லம்லி அம்மாளின் சிரிப்புத்தான் காதில் கேட்டது, மூக்குள்ளவ எவளாவது ஏமாறுவாளா என்று. நிமிர்ந்தபோது மணி பதினொன்று இருபது. கோட்டை மாட்டிக்கொண்டு மேவிஸைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

மணல் பெட்டி காலி. மூடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. உள்ளே காலையில் அவள் இதழைச் சுற்றிய பழுப்புத் தாள் மட்டும், நாலாக ஒழுங்காக மடித்து மூலையில் செருகியிருந்தது. பக்கத்துக் கல்லறைகளில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள். நான் இப்பத்தான் வந்தேன், யாரையும் பார்க்கலை என்றான்.

ஊரில் எல்லார் பெயரும் இருக்கிற இன்னொரு இடம் டாக்டர் வீடு. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போனாள். காத்திருக்கும் அறையில் இருமிக்கொண்டு ஒரே ஒரு பெண். மேஜைக்குப் பின்னால் மிஸ் டட்டர்சல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹார்க்கர் என்று யாராவது உங்கள் பட்டியலில் உண்டா என்று ஈனிட் கேட்டாள். மிஸ் டட்டர்சல் மூக்குக் கண்ணாடியை இறக்கி, அதெல்லாம் சொல்வதற்கில்லை என்றாள். பிறகு ஈனிட்டின் முகத்தைப் பார்த்து, பெட்டியை இழுத்து விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இல்லம்மா. இருந்ததும் இல்ல. இங்க நான் இருபத்தாறு வருஷம்."

ஈனிட் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே தாழ்வான மேஜையில் பழைய பத்திரிகைகளின் குவியல், எந்த டாக்டர் வீட்டிலும் இருப்பதுதான். மேலே கிடந்தது போன மாதத்து 'கணப்பு'. வலது மேல்மூலையில் பென்சிலால் 'ஹார்க்கர்' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் கிடந்த பழையதில் வில்ஃபின் கையெழுத்து, 'ஹா'வின் கால் நீண்டு வளைந்து.

"இதை யாரு கொண்டாந்து போடறாங்க?"

மிஸ் டட்டர்சலுக்குத் தெரியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, காலையில் கதவைத் திறந்தால் ஜன்னல் விளிம்பில் கட்டாகக் கிடக்கும். யாரோ நல்ல மனுஷி. ஆனால் சமையல் பக்கமெல்லாம் காணாமல் போயிருக்கும், அதுதான் ஒரு குறை.

ஈனிட் புரட்டினாள். சமையல் பக்கம் இருந்த இடத்தில், தையலை ஒட்டி, அளவுகோல் வைத்தது போல நேராக அறுத்திருந்தது. கத்தரிக்கோல் வேலையில்லை. சவரக் கத்தியோ, அதைவிடச் சின்னதோ. இன்னும் இரண்டு பக்கம் தள்ளினாள். இதழின் மடிப்புக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். செம்பழுப்புச் சேவல் இறகின் ஒரு துணுக்கு. அதைச் சுற்றி, மெழுகு தடவிய மெல்லிய மஞ்சள் பட்டு நூல், அரை அங்குலம்.

தோர்ன்பெக்கில் தூண்டில் வார இதழ் வாங்குகிறவர்கள் ஐந்து பேர். நாலு பேர் புழுவை வைத்துப் பிடிக்கிறவர்கள். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய் ஈ கட்டுகிற ஆள் ஒருவர்தான். சனிக்கிழமை தோறும் தன் இதழை வாங்க வந்து, தொப்பியில் குத்தி வைத்த புது ஈயைக் கல்லாவில் எடுத்து வைத்து எல்லாருக்கும் காட்டுவார். பெண்கள் பத்திரிகை அலமாரியைத் தாண்டும்போது, "இந்தக் குப்பையையும் காசு குடுத்து வாங்கறாளுங்க பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஹொரேஸ் பிக்கர்ஸ்கில். மனைவி நோரா இறந்து நாலு வருஷம். ஷெஃபீல்டில் குரோமிய முலாம் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மீனுக்காக இந்த ஊருக்கு வந்தவர். அந்தப் பட்டறை ஆவி மூக்கைத் தின்றுவிட்டது என்று அவரே ஒருநாள் கடையில் சொல்லியிருக்கிறார். ரோஜாவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான் எனக்கு.

ஈனிட் எழுந்தாள். இறகு கையிலேயே இருந்தது. டாக்டரைப் பிக்கர்ஸ்கில் வீட்டுக்கு உடனே வரச் சொல்லுங்கள், ஓடையோரம் கடைசி வீடு என்று மிஸ் டட்டர்சலிடம் சொன்னாள். என்ன ஏது என்று அவள் கேட்டது படியிறங்கும்போதுதான் காதில் விழுந்தது.

தட்டியதும் கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை தட்டினாள். ஒரு சாண் திறந்தது. கால்சட்டைப் பட்டை தோளிலிருந்து இறங்கித் தொங்க, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பிக்கர்ஸ்கில் நின்றார்.

"சனிக்கிழமைதானே என் நாளு, காஸ்லிங்கம்மா? என்ன, வீடு தேடி விக்கறீங்களா இப்ப?"

"இந்த வாரத்து 'கணப்பு' உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கு? பாவாடை தைச்சுக்கவா?"

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். இருபத்து மூன்றாம் பக்கம், படம் மாறிவிட்டது, அது விஷம், தெற்கே ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார். அவர் முகம் அசையவில்லை. கதவைப் பிடித்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது.

"பொம்பளைங்க யாராவது இருக்கற வீட்டுல போயிச் சொல்லுங்க. அந்தக் குப்பையெல்லாம் இந்த வாசப்படி தாண்டாது."

கதவு மூடத் தொடங்கியது. ஈனிட் ஈரக் காலணியை இடுக்கில் வைத்தாள். அவர் மீசையின் ஓரத்தில் ஒரு பச்சைத் துணுக்கு இருந்தது.

"அடுப்புல என்ன இருக்கு?"

"பட்டாணி சூப்பு. காலை எடுங்க."

"காட்டுப் பூண்டு சூப்பு வெச்சா தெருமுனை வரைக்கும் அடிக்கும். இங்க உருளைக்கிழங்கு வாசனையைத் தவிர ஒண்ணும் வரல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியுது."

அவர் தெருவில் யாராவது வருகிறார்களா என்று அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். உயிரைவிட அதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது போலிருந்தது. ஈனிட் உள்ளங்கையைத் திறந்து இறகைக் காட்டினாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மிஸஸ் ஹார்க்கர், எவ்வளவு சாப்பிட்டீங்க?"

கதவிலிருந்து கை இறங்கியது. அந்த நெடிய ஆள் சட்டென்று குள்ளமாகிவிட்டது போலத் தெரிந்தார்.

"ஒரு கிண்ணம்," என்றார். "ரெண்டாவது ஊத்தி வெச்சேன். நீங்க தட்டினீங்க."

உள்ளே மேஜையில் ஒரு பக்கம் ஈ கட்டும் சின்ன இடுக்கி, இறகு டப்பாக்கள், நூல்கண்டுகள். மறுபக்கம் அறுத்தெடுத்த இருபத்து மூன்றாம் பக்கம் உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தியிருந்தது. சூப் பச்சையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஈனிட் அதைத் தூக்கிக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினாள். கொட்டிய பிறகு, டாக்டருக்குக் காட்ட வேண்டுமே என்று நினைத்து மிச்சத்தைப் பாத்திரத்தில் பிடித்து வைத்தாள். பின்கதவு திறந்திருந்தது. படிக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்தி நிறைய பள்ளத்தாக்கு லில்லியின் அகலமான இலைகள், நடுவில் ஒரு முழம் மொட்டையாக அறுபட்டு. மொட்டு இன்னும் விரியவில்லை.

"நோரா நட்டது," என்றார் பிக்கர்ஸ்கில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "வருஷா வருஷம் முளைக்கும். எதுக்குன்னு நான் கேட்டதில்ல. இன்னைக்குப் படத்தைப் பாத்ததும், அட, சூப்புக்குத்தான் நட்டு வெச்சிருக்கான்னு..."

மேலே சொல்லாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். டாக்டரின் கார் சத்தம் கேட்டபோது அவர் தொட்டியின் மேல் குனிந்திருந்தார், ஈனிட் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"பதினொண்ணரை. பட்டறைக் காலத்துப் பழக்கம். சங்கு சத்தம் கேக்காட்டியும் வயித்துக்குத் தெரியும்."

ஈனிட் அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. பின்னறையில் உட்கார்ந்திருந்தது பதினைந்து நிமிஷம். அவள் கதவைத் தட்டியது பதினொன்றே முக்கால்.

இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் நல்லதாக வரவில்லை. நாடி நாற்பதுக்குக் கீழே போகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது என்றார்கள். தெற்கே அந்தப் பெரியவர் வெள்ளிக்கிழமை இறந்துபோனார் என்று செய்தித்தாளில் வந்தது. அந்தச் செய்தித்தாளை ஐம்பது வீட்டுக்கு ஈனிட்டே விநியோகம் செய்தாள். மேவிஸ் ஏதேதோ கேட்டாள். பிக்கர்ஸ்கில் தோட்டத்தில் எதையோ தெரியாமல் பறித்துத் தின்றுவிட்டார், அவ்வளவுதான் என்று ஈனிட் சொன்னாள். பத்திரிகையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விட்டார்கள். தலையணையில் சாய்ந்து கிடந்தார். முகச்சவரம் செய்யாத கன்னம் சாம்பல் நிறமாக இருந்தது. ஈனிட் திராட்சை கொண்டுபோயிருந்தாள். அதை ஒரு பார்வை பார்த்தார்.

"படம் எதுவும் மாறலையே இதுல?"

"கடைக்காரன்கிட்டக் கேட்டுத்தான் வாங்கினேன்."

பிறகு அவரே சொன்னார், பார்வையைப் போர்வையில் வைத்துக்கொண்டு. அது நோராவின் பத்திரிகை. அவள் இறந்த வாரமும் கதவிடுக்கில் வந்து விழுந்தது. நிறுத்தச் சொல்லக் கடைக்கு வந்தார். வில்ஃப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவருக்கு வார்த்தை வரவில்லை. சரி, வேற பேருல போடலாம், யாரும் பாக்காத இடமா ஒண்ணு சொல்லு என்றாராம் வில்ஃப். ஹார்க்கர் என்பது நோரா கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருந்த குடும்பப் பெயர். அதுவரை இவர் ஒரு முட்டை வேகவைத்ததில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த வாரத்துப் பக்கத்தை அறுத்து வைத்து, அதில் இருக்கிறதைச் சமைத்துப் பார்ப்பார். ஒரு வாரம் விட்டதில்லை. தூண்டில் கிளப்பில் தெரிந்தால் தலைகாட்ட முடியாது.

"உங்க வீட்டுக்காரரு உங்ககிட்டக்கூடச் சொல்லலையா?"

"சொல்லல."

"நாலு வருஷமாவா?" தலையை மெல்ல ஆட்டினார். "மனுஷன்தான்."

ஈனிட் கைப்பையின் வாயைத் திறந்து மூடினாள். சொல்லாமல் எழுந்துவிடலாம். வில்ஃப் நல்லவர் என்று தெரிந்துவிட்டது, இவர் பிழைத்துவிட்டார், வேறென்ன? ஆனால் அந்தப் பின்னறை மூன்று நாளாக அவளை விடவில்லை.

"நான் நேரா உங்க வீட்டுக்கு வரல," என்றாள். "அந்தப் பேரு யாருன்னு நான் வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன். பதினஞ்சு நிமிஷம் பின்னால உக்காந்திருந்தேன். போகட்டும்னு. வேணும்னேதான்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினஞ்சு நிமிஷமா," என்றார் கடைசியில். "நோராவா இருந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பா."

அவர் சிரிக்கவில்லை. திராட்சைக் கொத்தை எடுத்து, ஒன்றைப் பிய்த்து, அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அது எந்த அளவுக்கு மன்னிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது, பெட்டி மழைக்கு ஒழுகுது, இனிமே தூண்டில் பத்திரிகைக்கு உள்ள மடிச்சு வெச்சிடறேன் என்றாள். சனிக்கிழமைதானே அது வரும், வியாழக்கிழமை நான் எதைச் சமைக்கறது என்று கேட்டார். சரி, பெட்டியிலேயே போடறேன் என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு இதழ்களுக்குப் பெயர் எழுதும்போது, மேவிஸ் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். பதினாறாவது பிரதியின் மூலையில் ஈனிட் ஹார்க்கர் என்று எழுதுவதைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கண்டுபிடிச்சீங்களா இல்லையா, அண்ணி? யாருதான் அது?"

"வாடிக்கையாளர் ரகசியம்."

மேவிஸின் முகம் மாறியது. அவள் ஆணியில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள், பிறகு ஈனிட்டைப் பார்த்தாள். தன் அண்ணனைப் பற்றி இப்போதுதான் ஏதோ ஒன்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது என்று ஈனிட்டுக்குத் தெரிந்தது. மூன்று மாதமாகத் தான் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

"நீ நெனைக்கறது இல்ல," என்றாள். "சத்தியமா இல்ல. ஆனா அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

சீட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். காலியாக இருந்த கோட்டில் என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் பெரிதாகப் பட்டது. கடைசியில் 'அன்புக் கணவர்' என்று, எல்லாக் கல்லிலும் இருப்பதையே, வில்ஃபின் பென்சிலால் எழுதினாள். மேவிஸிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்துவிட்டு, பழுப்புத் தாளில் அந்த ஒரு பிரதியைச் சுற்றினாள். சுற்றும் முன் சமையல் பக்கத்தைப் பிரித்து ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்தாள். முட்டைக்கோஸ் பொரியல். படம் எதுவும் இல்லை.